கடைப் போனில் வாடிக்கையாளர்களின் அடையாள அட்டைகள்: திருத்தக் கொடுக்கும்போது என்ன செய்வது?

மேகலா_வெள்ளவத்தை

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியில் சிறிய கொமினிகேஷன் ஒன்று நடத்துகிறேன். போட்டோகொப்பி, பிரிண்ட், அதோடு விசா விண்ணப்பம், கடவுச்சீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுப்பது. முன்பெல்லாம் ஆட்கள் கையில் கோப்போடு வருவார்கள். இப்போது எல்லாமே கடை வட்ஸ்அப்புக்குத்தான் வருகிறது: அடையாள அட்டையின் இரண்டு பக்கமும், கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், ஆறு மாத வங்கி ஸ்டேட்மென்ட், சில நேரம் மருத்துவ அறிக்கை கூட.

நேற்று அந்தப் போன் கீழே விழுந்துவிட்டது. படம் தெரிகிறது, ஆனால் தொட்டால் அசைவதில்லை. திருத்தும் கடையில் கேட்ட முதல் கேள்வியே "பின் நம்பர் என்ன?" என்பதுதான். கொடுக்காமல் போனோடு திரும்பி வந்துவிட்டேன். உள்ளே என் படங்கள் மட்டும் இருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். இருப்பது மற்றவர்களின் ஆவணம். என்னை நம்பி அனுப்பியது.

இரண்டு விஷயம் தெரிய வேண்டும். பின் நம்பர் கொடுக்காமல் திருத்த வழி உண்டா? அப்புறம், இதிலிருந்து யாருடைய ஆவணமாவது வெளியே போனால் சட்டப்படி பொறுப்பு யார் தலையில்?

திருகாணி

அக்கா, கொடுக்காமல் வந்தது நல்ல வேலை. நான் பம்பலப்பிட்டியில் இதே தொழிலில் இருக்கிறேன், அதனால் உள்ளதைச் சொல்கிறேன். டிஸ்பிளே மாற்றப் பின் நம்பர் தேவையே இல்லை. வேலை முடிந்தபிறகு தொடுகை, கமரா, ஸ்பீக்கர் எல்லாம் சரியா என்று பார்க்கத்தான் கேட்பார்கள். அந்த நேரம் நீங்கள் முன்னால் நின்று திறந்து கொடுத்தால் போதும், ஐந்து நிமிட வேலை. கமராவைப் பூட்டிய திரையிலிருந்தே திறந்து பார்க்கலாம்.

கடையில் நடக்கிறதையும் சொல்ல வேண்டும். ஒரு மேசையில் நிறையப் போன் சேரும். எது யாருடையது என்று மாறாமல் இருக்க, பின்பக்கம் சின்ன டேப் ஒட்டி அதில் பெயர், தொலைபேசி இலக்கம், பின் நம்பர் மூன்றையும் பேனையால் எழுதி வைப்பார்கள். பாஸ் ஆள் நல்லவராகவே இருக்கட்டும். வேலை பழக வருகிற பையன், பார்ட்ஸ் கொண்டு வருகிறவர், பக்கத்துக் கடைக்காரர் என்று யாரும் அதை வாசிக்கலாம்.

உங்கள் போன் சாம்சங் என்றால் அதில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கலாம். கூகுள் பிக்சலில் ரிப்பேர் மோட். அதைப் போட்டால் உங்கள் படம், மெசேஜ், அப் எதுவும் தெரியாமல் வெறும் போன் மட்டும் திறக்கும், திருத்துபவர் தாராளமாகச் சோதிக்கலாம். வெளியே வர உங்கள் பின் நம்பர் வேண்டும். தொடுகை போனதால் எப்படிப் போடுவது என்று கேட்பீர்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஓடிஜி வயர் ஒன்று வாங்கி, சாதாரண கணினி மவுஸைப் போனில் செருகுங்கள். திரையில் அம்பு வரும், அதால் எல்லாம் அமுக்கலாம். முதலில் அப்படியே போனில் உள்ளவற்றுக்கு ஒரு பக்கப்பும் (மாற்றுப் பிரதி) எடுத்துக்கொள்ளுங்கள்.

சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டுதான் போனைக் கொடுக்க வேண்டும். போனின் உள் நினைவகம் பூட்டியிருக்கும், பின் நம்பர் இல்லாமல் வாசிக்க முடியாது. மெமரி கார்ட் பெரும்பாலும் அப்படியில்லை. வேறு போனில் போட்டால் படமெல்லாம் வரும்.

கடலோரன்

கோபிக்காதீர்கள், ஆனால் இதற்கு இவ்வளவு பயம் வேண்டுமா? அடையாள அட்டைக் கொப்பியை நாங்கள் கொடுக்காத இடமே இல்லை. வீட்டுக்காரருக்கு, சிம் வாங்கும்போது, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, தொடர்மாடி வாசலில் காவலாளிக்குக்கூட. அதை வைத்து ஒருவர் என்ன செய்துவிடுவார்? தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இன்னும் முழுதாக நடைமுறைக்கு வரவில்லை என்றுதான் செய்தியில் வாசித்தேன்.

வங்கிமேசை

என்ன செய்வார் என்று நான் சொல்கிறேன், இது என் தினசரி வேலையில் பார்க்கிற விஷயம்.

எங்கள் இலங்கை அடையாள அட்டை இலக்கம் சும்மா வரிசை இலக்கம் இல்லை. பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். 90561 என்று ஓர் இலக்கம் தொடங்கினால், 1990 இல் பிறந்த பெண், 61 ஆவது நாள். எல்லா ஆண்டையும் 366 நாளாகவே எண்ணுவதால் 61 என்பது மார்ச் 1. 2016 இலிருந்து வரும் 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டை மட்டும் நான்கு இலக்கமாக எழுதுகிறார்கள். ஆக, இலக்கத்தை மட்டும் யாரிடமாவது சொன்னாலும் பிறந்த தேதியையும் சொன்னதாகவே அர்த்தம்.

இனி இதைப் பாருங்கள். பல வங்கிகள் மின்னஞ்சலில் அனுப்பும் ஸ்டேட்மென்ட் கோப்பைத் திறக்கக் கடவுச்சொல்லாக வைத்திருப்பதே வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம்தான். மேகலா அக்காவின் போனில் ஒரே உரையாடலில் அட்டையின் படமும் ஸ்டேட்மென்டும் அடுத்தடுத்து இருக்கும். பூட்டின் மேலேயே சாவியைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ஸ்டேட்மென்ட் திறந்தால் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில் வருகிறது, கணக்கில் என்ன மிச்சம், எந்தக் கடையில் கார்ட் பாவிக்கிறார் என்று எல்லாம் தெரியும்.

ஏமாற்றுகிறவர் உங்கள் கணக்கை நேராக உடைப்பதில்லை. வங்கியிலிருந்து பேசுவதாகப் போன் எடுத்து, முழுப்பெயர், விலாசம், பிறந்த தேதி, கடைசியாக நடந்த கொடுக்கல் வாங்கல் எல்லாவற்றையும் அவரே சொல்வார். இவ்வளவும் தெரிந்தவர் வங்கி ஆள்தான் என்று நம்பி அந்த ஆறு இலக்க ஓடிபியைச் சொல்லிவிடுகிறார்கள். படித்தவர்களும்தான். பணம் வேறு வங்கிக்கு உடனுக்குடன் போய்ச் சேர்கிற காலம் இது. சேர்ந்த கையோடு இன்னொரு கணக்குக்கு மாற்றியும் விடுவார்கள். அதனால் இப்படி ஏதும் நடந்தால் பொலிஸுக்கு ஓடுவதற்கு முன் வங்கியின் 24 மணிநேர இலக்கத்துக்கு எடுத்துக் கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த முதல் சில நிமிடம்தான் பெறுமதி.

செபமாலை_கொச்சிக்கடை

கொப்பிதானே என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். போன மாதம் காலிமுகத்திடலில் கடலை வாங்கினோம். தின்று முடிந்து சுருளை விரித்தால், யாரோ ஒரு பெண்ணின் வேலை விண்ணப்பம். பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர், அடையாள அட்டை இலக்கம், இரண்டு பரிந்துரையாளர்களின் பெயர், அவர்களின் நம்பர். அச்சு ஒரு பக்கம் சரிந்திருந்தது. பிழையாக எடுத்த கொப்பியை எந்தக் கடையோ பழைய தாளோடு நிறைக்குப் போட்டிருக்கிறது. கடலைக்காரரில் ஒரு குறையும் இல்லை, அவர் தாள் வாங்குகிறார், சுருட்டுகிறார். அந்தப் பிள்ளைக்குத் தன் விபரம் கடற்கரையில் சுற்றுவது தெரியவே வராது. வீட்டுக்குக் கொண்டுவந்து கிழித்து எரித்தேன்.

மேகலா பிள்ளை, போனைப் பற்றிக் கேட்டீர்கள், சந்தோசம். கொப்பி மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தப் பெட்டியையும் ஒருக்கால் பாருங்கள்.

வழக்கேடு_புதுக்கடை

சட்டக் கேள்விக்கு வருகிறேன். கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் கனிஷ்ட சட்டத்தரணியாக இருக்கிறேன். இது பொதுவான விளக்கம்தான், உங்கள் விஷயத்துக்கான ஆலோசனைக்கு ஒருவரை நேரில் பாருங்கள்.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். கடலோரன் சொல்வது பாதி சரி. அதன் முக்கியப் பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, தள்ளிவைக்கப்பட்டன. ஆனால் அந்தச் சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெளிவு. ஒருவரின் தகவலை எதற்காக, எப்படிப் பாவிப்பது என்று தீர்மானிக்கிறவர்தான் அதில் கட்டுப்படுத்துநர். விசா வேலைக்காக ஆவணம் வாங்குகிற மேகலா அக்காவின் கடையும் அதற்குள் வரும். வீட்டுக்குள், குடும்பத்துக்குள் சொந்தத் தேவைக்கு வைத்திருப்பதற்கு விலக்கு உண்டு, கடைக்கு இல்லை. எந்த நோக்கத்துக்காக வாங்கினீர்களோ அதற்கு மட்டும் பாவிக்க வேண்டும். தேவைக்கு மேல் வாங்கக் கூடாது, தேவை முடிந்தபின் வைத்திருக்கவும் கூடாது. ஒருவர் தன் தகவலைக் காட்டு, திருத்து, அழி என்று எழுத்தில் கேட்டால் குறித்த காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். மீறினால் தண்டம் 1 கோடி ரூபா வரை போகலாம் என்று 2022 சட்டம் சொல்கிறது.

சரி, அது முழுதாக வரும்வரை யாரும் கேட்க முடியாதா? முடியும். எங்கள் பொதுச் சட்டம் ரோமன் டச்சுச் சட்டம். உங்கள் கவனயீனத்தால் ஒருவருக்குப் பண நட்டம் வந்தாலும், அவரின் அந்தரங்கமும் மானமும் வேண்டுமென்றே கெடுக்கப்பட்டாலும் நட்டஈடு கேட்டு வழக்குப் போட அதில் நெடுங்காலமாகவே இடம் இருக்கிறது. புதுச் சட்டம் தேவையில்லை.

திருத்துபவர் பக்கம் பாருங்கள். டிஸ்பிளே மாற்றக் கொடுத்த போனில் அனுமதியில்லாமல் படங்களைத் தட்டிப் பார்ப்பது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குள் வரக்கூடியது. அனுமதியற்ற நுழைவுக்கு 1 இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பின் நம்பரை நீங்களாகவே சொல்லிக் கொடுத்திருந்தால் அவர் தரப்புச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, "திறக்க அனுமதி கொடுத்தது நீங்கள்தானே?" என்பதாக இருக்கும். கொடுத்த அனுமதி சோதிப்பதற்கு மட்டும்தான் என்று வாதாடலாம். ஆனால் ரசீதில் "டிஸ்பிளே மாற்ற மட்டும்" என்று ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் அந்த வாதமே தேவைப்படாது.

கடலோரன்

வங்கிமேசை சொன்னதை வாசித்தபின் அந்தப் பயம் எனக்கும் வந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தைப் பற்றி என் மனம் மாறவில்லை. கோடிக்கணக்கில் தண்டம் என்றால் பெரிய கம்பனி சட்டத்தரணிகளை வைத்துச் சமாளிக்கும். ஒரு கொப்பி மிஷினும் ஒரு கணினியும் வைத்துப் பிழைக்கிறவர் என்ன செய்வார்? சட்டம் எழுதுகிறவர்கள் வெள்ளவத்தைக் கடையொன்றில் ஒரு பின்னேரம் நின்று பார்த்திருக்க வேண்டும்.

நிரலி

சிறிய கடைக்குச் செய்ய முடிகிற விஷயங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் காசில்லாமல். நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். என் அப்பாவும் கொமினிகேஷன் வைத்திருந்தவர், அதனால் கடையின் அவசரமும் தெரியும்.

கடைக் கணினியில் வட்ஸ்அப் வெப் நாள் முழுக்கத் திறந்திருக்கும். பிரிண்ட் எடுக்க வந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது இடப்பக்கத்தில் மற்ற வாடிக்கையாளர்களின் பெயரும் படமும் ஓடும். திரையை உங்கள் பக்கம் திருப்பி வையுங்கள். அது முதல் வேலை. அடுத்தது டவுன்லோட்ஸ் கோப்புறை. வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் "எல்லோருக்கும் நீக்கு" என்று அழித்தாலும், பிரிண்டுக்காகக் கணினியில் இறக்கிய பிரதி அங்கேயே கிடக்கும். கடை பூட்டும்போது அந்தக் கோப்புறையையும் ரீசைக்கிள் பின்னையும் காலியாக்குவதைக் கதவு பூட்டுவது மாதிரிப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

போனில், வட்ஸ்அப் படங்கள் கலரியில் தானாகச் சேர்வதை நிறுத்துங்கள். நிறுத்தாவிட்டால் அவை கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடக்கூடும். அங்கே அழித்தாலும் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரை இருக்கும். வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது நீங்களே வைக்கும் தனிப் பின் நம்பரைப் போடுங்கள். யாராவது எஸ்எம்எஸ்ஸில் வரும் உங்கள் ஆறு இலக்கக் குறியீட்டைக் கறந்துகொண்டாலும் கடை இலக்கத்தை அவரால் எடுக்க முடியாது. "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தை வாரம் ஒருமுறை திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். வேலையை விட்டுப்போன பையன்களின் கணினி அதில் மாதக்கணக்காக இருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

அப்புறம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு நல்ல பழக்கத்தை நீங்களே தொடங்கி வைக்கலாம். கொப்பியின் குறுக்கே "இன்ன விசா விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று எழுதித் தேதி போட்டுக் கொடுப்பது. இலக்கமும் முகமும் மறையாமல் எழுதினால் பெரும்பாலான இடங்களில் ஏற்றுக்கொள்வார்கள். அதே கொப்பியை வேறு வேலைக்குப் பாவிக்க நினைப்பவருக்கு அது தடையாக இருக்கும்.

பழைய_லொட்ஜ்வாசி

பிள்ளைகள் எல்லோரும் நல்ல விபரமாகக் கதைக்கிறீர்கள். வயதானவன், ஒன்று மட்டும் சேர்க்கிறேன்.

கேட்ட இடத்திலெல்லாம் அட்டையை நீட்டுகிற பழக்கம் எங்களுக்குச் சும்மா வரவில்லை. கொழும்பில் லொட்ஜில் தங்கியிருந்த காலத்தில் பொலிஸ் பதிவு, வீட்டுக்காரரிடம் ஒரு கொப்பி, லொட்ஜ் முதலாளியிடம் ஒரு கொப்பி, சோதனைச் சாவடியில் அட்டையும் பதிவுத் துண்டும். எதற்கு என்று கேட்டால் அதுவே சந்தேகத்துக்குக் காரணமாகும். 2007 யூன் 7 ஆம் தேதி விடியற்காலையில் லொட்ஜுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தமிழரைப் பஸ்ஸில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. அன்று யார் எந்த அறையில் இருக்கிறார் என்ற பட்டியல் அவர்கள் கையில் இருந்தது. அந்தப் பட்டியலுக்குத் தகவல் கொடுத்ததும் நாங்கள்தான், வேறு வழியில்லாமல்.

அதனால்தான் இந்தத் தரவுச் சட்டத்தைக் கம்பனிக்காரரின் தலையிடி என்று மட்டும் நான் பார்ப்பதில்லை, கடலோரன் தம்பி. எதற்குக் கேட்கிறீர்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று வாய் திறந்து கேட்க ஒரு மனிதனுக்கு உரிமை இருக்கிறது என்று எழுத்தில் வந்திருப்பதே எனக்குப் பெரிய விஷயம். என் பேரப்பிள்ளைகள் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும்.

மேகலா_வெள்ளவத்தை

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். என் அப்பாவும் இதே கதைதான் சொல்வார்.

திருகாணி தம்பி சொன்னபடி மவுஸ் செருகினேன், வேலை செய்தது. மெயின்டனன்ஸ் மோட் போட்டுத்தான் கொடுத்தேன். ஒரு சந்தேகம் மிச்சம். அடுத்த வருடம் திரும்பி வந்து, "போன தடவை அனுப்பினேனே, அதிலிருந்து எடுங்கள்" என்று கேட்கிற வாடிக்கையாளர்கள் நிறைய. எல்லாவற்றையும் அழித்தால் அவர்களுக்குச் சிரமம். அதோடு வங்கிகள் வருடக்கணக்கில் வைத்திருக்கின்றனவே?

வழக்கேடு_புதுக்கடை

வங்கியின் கதை வேறு அக்கா. 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல் அறிக்கையிடல் சட்டப்படி வாடிக்கையாளர் ஆவணங்களை அவர்கள் 6 ஆண்டு வைத்திருந்தே ஆக வேண்டும். உங்கள் கடைக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை, ஆகவே சம்மதம்தான் உங்கள் அத்திவாரம். வேலை முடிந்ததும் கேளுங்கள்: "அழிக்கவா, அடுத்த தடவைக்கு வைத்திருக்கவா?" வைத்திருக்கச் சொன்னால் அந்தப் பதிலை மெசேஜாக வாங்கிக்கொண்டு, வட்ஸ்அப்பில் விடாமல் கடவுச்சொல் போட்ட ஒரு கோப்புறைக்கு மாற்றுங்கள். கடவுச்சீட்டு வேண்டுமானால் இருக்கட்டும். வங்கி ஸ்டேட்மென்டை எப்படியும் அழியுங்கள், அடுத்த விண்ணப்பத்துக்கு அது பழசாகிவிடும். மருத்துவ அறிக்கையையும் அழியுங்கள். உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்து அதற்குக் கூடிய பாதுகாப்புக் கேட்கிறது சட்டம்.

ரஸ்னா_ஆமர்வீதி

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த இழையைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. எங்கள் உம்மாவின் பெயரில் அவருக்குத் தெரியாமல் ஒரு சிம் இருக்கிறது. தவணைக் கடன் கட்டவில்லை என்று அந்த நம்பரைச் சொல்லி வீட்டுக்குக் கோல் வந்தபோதுதான் தெரிந்தது. அட்டைக் கொப்பி எங்கிருந்து போயிருக்கும் என்று ஓரளவு தெரியும், ஒரு கடையில்தான் கொடுத்தோம். அந்தக் கடையின் பெயரைப் பேஸ்புக்கில் போட்டுவிடலாமா என்று நாநா (அண்ணன்) கேட்கிறார். பொலிஸில் சொல்லப் போனால் சிங்களத்தில் எழுதி ஒப்பம் வைக்கச் சொல்வார்கள், உம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. என்ன செய்வது?

திருகாணி

தங்கச்சி, முதலில் அந்த சிம் கம்பனியின் கிளைக்கு உம்மாவை அட்டையோடு நேரில் கூட்டிக்கொண்டு போங்கள். தன் அட்டையில் எத்தனை சிம் இருக்கிறது என்று கேட்டு, தெரியாததைத் துண்டிக்கச் சொல்லி எழுதிக் கொடுக்கலாம். கொடுத்த கடிதத்தின் கொப்பியில் அவர்களின் முத்திரையும் தேதியும் வாங்குங்கள்.

வழக்கேடு_புதுக்கடை

திருகாணி சொன்னதைச் செய்யுங்கள், அந்த முத்திரை வைத்த கடிதம் பொலிஸிலும் உதவும்.

பேஸ்புக்கில் பெயர் போடுவதை இப்போது நாநாவிடம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். குற்றவியல் அவதூறு 2002 இல் நீக்கப்பட்டாலும் குடியியல் வழக்குப் போட்டு நட்டஈடு கேட்கலாம். அதோடு 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது, பொய்யான கூற்று என்று யாராவது முறையிட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான். உங்களிடம் இருப்பது சந்தேகம், ஆதாரம் இன்னும் இல்லை. கடையின் பெயரைப் பொலிஸ் வாக்குமூலத்தில் சொல்லுங்கள், அங்கே சொல்வதுதான் விசாரணைக்குப் போகும். கடன் கேட்டு வந்த கோல்களின் தேதி, நேரம், இலக்கம், மெசேஜ்களின் ஸ்கிரீன்ஷொட் எல்லாம் சேர்த்து வையுங்கள், மூல மெசேஜை அழிக்க வேண்டாம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் "இது நான் எடுத்த கடனில்லை" என்று உம்மாவின் பெயரில் எழுத்தில் அனுப்புங்கள்.

மொழி விஷயம் முக்கியம். அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் உம்மாவுக்கு உரிமை உண்டு. தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய அலுவலர் யாராவது இருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்று சொன்னால், நடந்ததை வீட்டிலேயே தமிழில் எழுதி, உம்மா ஒப்பம் வைத்து இரண்டு பிரதியோடு போங்கள், ஒன்றைக் கோப்பில் சேர்க்கச் சொல்லுங்கள். சிங்களத்தில் எழுதியே ஆக வேண்டிய நிலை வந்தால், சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து முழுவதையும் தமிழில் சொல்லிக் கேட்ட பிறகுதான் ஒப்பம் வைக்க வேண்டும். அவசரப்படுத்தினாலும் பொறுமையாக இருங்கள். வரும்போது எந்தப் புத்தகத்தில் பதிந்தார்கள், பக்க இலக்கம், பந்தி இலக்கம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் அடுத்த தடவை போனால் யாராலும் முறைப்பாட்டைத் தேடி எடுக்க முடியாது.

உம்மாவை வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் எனக்குத் தனிச்செய்தி போடுங்கள். நீதிமன்ற வேலை முடிந்து பின்னேரம் நானும் வருகிறேன்.